கற்றாழை ஜெல்: மடலா, குப்பியா, தூளா?

கற்றாழை மடலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே இரண்டு பொருள் இருப்பது தெரியும். பச்சைத் தோலை ஒட்டிய மெல்லிய குழாய்களிலிருந்து மஞ்சளாக, கடும் கசப்பாக ஒரு பால் கசியும். நடுவே நிறமில்லாத, வழுவழுப்பான சோறு நிறைந்திருக்கும். சோற்றுக்கற்றாழை என்ற பெயரே அதனால் வந்ததுதான். சருமத்துக்கு வேண்டியது சோறு. பால் பட்டால் பலருக்கு எரியும், அரிக்கும். தொட்டியில் வளரும் மடலானாலும், குப்பியில் வரும் ஜெல்லானாலும், பொட்டலத்தில் வரும் தூளானாலும் அதை எடைபோட இரண்டு கேள்வி போதும். பால் நீங்கிவிட்டதா? வெட்டிய பிறகு சோறு எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில் இருந்தது? இந்த மூன்று வடிவங்களையும் அந்த இரண்டு கேள்விகளை வைத்தே இங்கே மதிப்பிடுகிறோம்.

பழம்பெருமை யாருக்குச் சொந்தம்

ஜெல் குப்பிகளின் பின்புறத்தில் பல ஆயிரம் ஆண்டுப் பாரம்பரியம் பற்றி இரண்டு வரி இருக்கும். அந்தப் பாரம்பரியத்தின் பெரும்பகுதி பாலுக்குச் சொந்தமானது. கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தின் எபர்ஸ் பாப்பிரஸ் சுவடியில் கற்றாழை மருந்துச் சரக்காக வருகிறது. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ் விரிவாக எழுதியது இறுகிக் காய்ந்த சாற்றைப் பற்றி: பேதிக்குக் கொடுக்கலாம், பொடித்துப் புண்ணில் தூவலாம் என்கிறார். நம் மருத்துவத்தில் கரியபோளம் என்று வழங்குவதும் இதே உறைந்த பால்தான். பிற்காலத்தில் பார்படோஸ் தீவிலிருந்து கப்பலேறிய சரக்கும் அதுவே. கிளியோபாட்ரா முகத்தில் பூசினார் என்ற கதைக்கு அவர் காலத்துச் சான்று கிடையாது. விவிலியத்தில் வெள்ளைப்போளத்தோடு சேர்ந்து வரும் நறுமணப் பொருளையும் சிலர் கற்றாழை என்று காட்டுவார்கள். அது அகில் மரக்கட்டை என்பதே பெரும்பாலோர் கருத்து.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கேயே தீர்த்துவிடலாம். செடிகளுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1753இல் இச்செடியை ஒரு வகையாகக் குறித்தார். 1768இல் தாவரவியலாளர்கள் பர்மன் ‘அலோ வேரா’ என்றும், மில்லர் ‘அலோ பார்படென்சிஸ்’ என்றும் தனித்தனியே பெயர் வைத்தார்கள். இரண்டும் ஒரே செடி. அழகுப்பொருள் பட்டியல்களில் இரண்டாவது பெயர் நிலைத்துவிட்டது. ஆகவே ‘பார்படென்சிஸ்’ என்று போட்டிருப்பது உயர்ந்த ரகம் என்று எண்ணிக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

சோறு நவீன மருத்துவத்தின் கண்ணில் பட்டது 1935இல். எக்ஸ்ரே கதிர்பட்டுப் புண்ணான தோலுக்குப் புதிய கற்றாழை மடலை வைத்துக் குணமானதாக அமெரிக்க மருத்துவர்களான காலின்ஸ் இருவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். ஆர்வம் அங்கே கிளம்பியது. பிற்காலத்தில் கதிர்வீச்சு சிகிச்சை பெறுவோரிடம் முறையாகச் சோதித்தபோது, தோல் புண்ணாவதைக் கற்றாழை தடுப்பதாக உறுதியாகவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

சோற்றுக்குள் என்ன இருக்கிறது

98.5 முதல் 99.5 சதவீதம் வரை தண்ணீர். மிச்சமுள்ள கொஞ்சத்தில் பாதிக்கு மேல் நீண்ட சங்கிலிச் சர்க்கரைகள். அவற்றில் முக்கியமானது அசிமானன்: மேனோஸ் சர்க்கரைகள் கோத்து, நெடுக அசிட்டைல் குழுக்கள் ஒட்டிய சங்கிலி. அந்த வழுவழுப்பும், தண்ணீரைப் பிடித்து வைக்கும் திறனும் இதனால் வருபவை. மடலை வெட்டியதுமே செடியின் சொந்த நொதிகள் இந்தச் சங்கிலியைத் துண்டாக்கத் தொடங்கும். 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் நெடுநேரம் சூடாக்கினாலும் அது சிதையும். மிக்ஸியில் அடித்து ஃப்ரிட்ஜில் வைத்த ஜெல் மறுநாள் தண்ணீராக இளகுவதற்கு முதல் காரணம் இந்த நொதிகள். பெயரளவில் அப்போதும் அது கற்றாழைதான். பிசுக்குப் போனதோடு பயனில் ஒரு பங்கும் போயிருக்கும்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

முதலில் நம்பிக்கையோடு சொல்லக்கூடியது ஈரப்பதம். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், உறைய வைத்து உலர்த்திய கற்றாழைச் சாறு 0.1, 0.25, 0.5 சதவீத அளவுகளில் சேர்த்த பூச்சுகளை இரண்டு வாரம் தடவியதும் மேல்தோலின் நீரளவு மூன்றிலும் கூடியது. ஒரே ஒரு முறை தடவியபோது 0.25, 0.5 சதவீதப் பூச்சுகள் மட்டுமே வேலை செய்தன. இன்னொரு விஷயமும் அதில் தெரிந்தது: தோல் வழியே நீர் ஆவியாகி வெளியேறும் அளவு மாறவில்லை. அதாவது, கற்றாழை ஈரத்தைக் கொண்டு வந்து பிடித்து வைக்கும். மேலே மூடி போடாது. ஜெல் மட்டும் பூசியவர்கள் அரை மணி நேரத்தில் ‘முகம் இழுக்கிறது’ என்று சொல்வது இதனால்தான். சர்க்கரைப் படலம் காய்ந்து சுருங்குகிறது. ஜெல் பூசி இரண்டு மூன்று நிமிடத்தில், ஈரம் முழுக்கக் காயும் முன், மேலே ஒரு மெல்லிய கிரீமோ சில துளி எண்ணெயோ தடவிவிட்டால் இழுப்பு வராது. எண்ணெய் வடியும் சருமத்துக்கு மேல்பூச்சு இல்லாமலும் போதும்.

அடுத்து, லேசான தீக்காயம். பல சோதனைகளைத் தொகுத்து 2007இல் வந்த ஆய்வுக் கட்டுரை, முதல் இரண்டு நிலைத் தீக்காயங்களில் கற்றாழை பூசியவர்களுக்குப் புண் ஆறும் காலம் சுமார் 9 நாள் குறைந்ததாகக் கணக்கிட்டது. ஆனால் அதில் சேர்ந்த சோதனைகள் சிறியவை, ஒவ்வொன்றிலும் பூசிய பொருள் வேறு. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2012இல் வெளியிட்ட தொகுப்பு, பொதுவான புண்களுக்குப் பரிந்துரைக்கும் அளவுக்குத் தரமான சான்று இல்லை என்றே முடித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நடைமுறை இதுதான்: சுட்ட இடத்தை முதலில் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். அதற்கு மாற்றாகக் கற்றாழையை வைக்கக் கூடாது. தோல் சிவந்து, கிழியாமல் இருந்தால் அதன் பிறகு மெல்லிய பூச்சாக நாளைக்கு இரண்டு மூன்று முறை பூசலாம். கொப்புளம் உடைந்திருந்தாலோ, தோல் வெளுத்தோ கருகியோ இருந்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

ஆழமான புண்ணில் பூசுவது கூடவே கூடாது. 1991இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் பின் பிரிந்துபோன வயிற்றுப் புண்கள் வழக்கமான கவனிப்பில் சராசரியாக 53 நாளில் ஆறின. கற்றாழை ஜெல் சேர்த்தவர்களுக்கு 83 நாள் ஆனது. இயற்கைப் பொருள், கெடுதல் செய்யாது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களை மறக்க வேண்டாம்.

சொரியாசிஸுக்குச் சான்று இரண்டு பக்கமும் இழுக்கிறது. 1996இல் 60 பேரிடம் செய்த சோதனையில் 0.5 சதவீதக் கற்றாழை கிரீம் 83 சதவீதத்தினருக்குக் குணம் தந்தது. வெறும் கிரீம் பூசியவர்களில் 7 சதவீதத்தினருக்குத்தான். 2005இல் வந்த மற்றொரு சோதனையில் கற்றாழை இல்லாத போலி ஜெல் பூசிய இடங்களே சற்று அதிகம் தேறின. ஆகவே மருந்தை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்புவது சரியல்ல. பருவுக்கு, 2014இல் வந்த சோதனையில் ட்ரெட்டினாயின் மருந்தோடு 50 சதவீதக் கற்றாழை ஜெல் சேர்ந்தபோது மருந்து தனியே தந்ததைவிடப் பலன் நன்றாக இருந்தது. மருந்துக்குத் துணையாக என்பதைக் கவனியுங்கள்.

நிறம் கொடுக்கும் என்ற விளம்பரம் வேறொன்றைத் தொட்டு எழுந்தது. கருமையை உண்டாக்கும் நொதியைத் தடுக்கும் அலோசின் என்ற பொருள் கற்றாழையில் உண்டு. ஆனால் அது இருப்பது பாலில். பால் நீக்கிய நல்ல ஜெல்லில் அதை எதிர்பார்க்க முடியாது. வெயிலுக்குக் காப்பு என்பதும் தவறு. வெயில் சுட்ட பிறகு ஆற்றுவதற்கு ஜெல். சுடாமல் காக்கச் சன்ஸ்கிரீன்.

மடல்

மூன்று வடிவங்களில் மிகப் புதியது இதுதான். தவறு நேரும் வாய்ப்பு அதிகம் உள்ளதும் இதுவே.

முதல் தவறு செடியையே மாற்றிப் பிடிப்பது. ஆனைக்கற்றாழை என்று தமிழில் பெயர் இருந்தாலும் அது அகேவ் என்ற வேறு இனம். அதன் சாற்றில் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. தோலில் குத்திக் கொப்புளம் எழுப்பும். பிரித்தறிய எளிய வழி மடலை முறிப்பது. அகேவ் மடல் நாராக இழுபடும், நுனியில் கூரிய கட்டை முள் நிற்கும். சோற்றுக்கற்றாழை நார் இல்லாமல் சட்டென்று ஒடிந்து, உள்ளே கண்ணாடி போன்ற சோறு தெரியும்.

செடிக்கு மூன்று வயதாவது ஆகியிருக்கட்டும். அடியில், வெளிவரிசையில் தடித்துப் பரந்திருக்கும் மடலை எடுங்கள். நடுக்குருத்தைத் தொட்டால் செடி நின்றுவிடும். மடலைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்துவிட்டு, அடியில் சாய்வாக வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு குவளையில் நிறுத்துங்கள். 15 நிமிடத்தில் பெரும்பாலான பால் இறங்கும். அரை மணி விட்டால் நல்லது. இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் ‘எனக்குக் கற்றாழை ஒத்துக்கொள்ளவில்லை’ என்ற அனுபவம் பெரும்பாலும் வருகிறது. பாலில் உள்ள அலோயினும் அலோ-எமோடினும் அதற்குக் காரணம். அலோ-எமோடின் வெயில் படும் தோலை இன்னும் கூசச் செய்யும்.

பால் இறங்கியதும் அடியில் இரண்டு விரற்கடையும் நுனியில் நான்கு விரற்கடையும் வெட்டி எறியுங்கள். இரு ஓர முட்களைச் சீவுங்கள். மேல்தோலை மெல்லிய கத்தியால் சீவி எடுத்து, சோற்றைப் பாளமாகப் பிரியுங்கள். கரண்டியால் சுரண்டினால் தோலடிக் குழாய்கள் நசுங்கி மிச்சப் பாலும் சோற்றில் கலக்கும். பாளமாக அறுத்தால் கலக்காது. பாளத்தைக் குழாய் நீரில் அலசுங்கள், மஞ்சள் சாயல் இருந்தால் அந்த ஓரத்தை வெட்டித் தள்ளுங்கள். ஒரு முகத்துக்கு நெல்லிக்காய் அளவுத் துண்டு ஏராளம். தேய்த்து 15 நிமிடம் விட்டுக் கழுவிவிடலாம்.

புதிய சோற்றில் பதப்பொருள் எதுவும் இல்லை. ஃப்ரிட்ஜில் மூடி வைத்து மூன்று நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். வைட்டமின் சி மாத்திரை பொடித்துப் போட்டால் மாதக்கணக்கில் இருக்கும் என்கிறார்கள். அது நிறம் செந்தவிட்டாக மாறுவதைத் தள்ளிப்போடும். கிருமி வளர்வதைத் தடுக்காது. வெள்ளையாகத் தெரியும் ஜெல்லிலும் கிருமி பெருகியிருக்கலாம். அதைவிடப் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைப்பது மேல். உருகும்போது நீர் பிரியும், பிசுக்குக் குறையும், ஆனால் கெட்டிருக்காது. அந்தக் கட்டியை உறைந்தபடியே வெந்த தோலில் தேய்க்காதீர்கள். குளிர்ச்சியே திசுவைச் சேதப்படுத்தும்.

குப்பி

கடை ஜெல்லைப் பார்த்ததும் ‘எவ்வளவு கெட்டி, எவ்வளவு பச்சை’ என்று மகிழ்பவர்கள் ஏமாறுகிறார்கள். பதப்படுத்திய கற்றாழைச் சாறு தண்ணீர் போல ஓடும், நிறம் கிடையாது. குப்பியில் தெரியும் கெட்டி கார்போமர் அல்லது சாந்தன் கோந்து தந்தது. பச்சை சாயம் தந்தது. கெட்டிப்பொருளைக் குறை சொல்ல முடியாது, அது இல்லாமல் ஜெல் கையில் நிற்காது. சாயமும் வாசனையும் வேண்டாதவை. வெந்த தோலுக்கு வாங்குவதானால் வாசனையுள்ள குப்பியைத் திருப்பி வைத்துவிடுங்கள். பட்டியலின் முதல் சில இடங்களில் ‘ஆல்கஹால் டெனாட்’ இருந்தாலும் அப்படியே: பூசியதும் சில்லென்று இருக்கும், அந்தச் சில்லிப்புக்குக் காரணம் ஆல்கஹால் ஆவியாவது, பிறகு தோல் வறளும்.

‘99 சதவீதம் கற்றாழை’ என்ற வாசகத்துக்குத் தனியே விளக்கம் வேண்டும். 200 மடங்கு செறிவாக்கிய தூளில் அரை கிராமை 99.5 கிராம் நீரில் கரைத்தால் இயற்கைச் சாற்றின் செறிவு வந்துவிடும். அதை ‘கற்றாழைச் சாறு’ என்று எண்ணினால் 99 சதவீதம் என்று எழுதலாம். இது ஏமாற்று ஆகாது. தூள் நல்லதாக இருந்தால் ஜெல்லும் நல்லது. பட்டியலை வாசிக்கும்போது இதை நினைவில் வையுங்கள். ஒரு சதவீதத்துக்கு மேலுள்ளவை அளவின் இறங்குவரிசையில் வரும். அதற்குக் கீழுள்ளவை எந்த வரிசையிலும் வரலாம். ‘லீஃப் ஜூஸ்’ முதலிடத்தில் இருந்தால் நல்ல அறிகுறி. ‘லீஃப் ஜூஸ் பவுடர்’ கடைசியில், பதப்பொருளுக்குப் பக்கத்தில் இருந்தாலும் கவலை இல்லை, அரை சதவீதமே முழு அளவு. ‘லீஃப் எக்ஸ்ட்ராக்ட்’ கடைசியில் இருந்தால் ஐயப்படலாம்: அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு செறிவு, எதில் கரைத்தது என்பது அடங்கவில்லை.

பட்டியலே பொய்யானால் என்ன செய்வது? அப்படியும் நடந்திருக்கிறது. 2016இல் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் அமெரிக்கப் பெருங்கடைகளின் சொந்தப் பெயர் ஜெல்கள் சிலவற்றை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தது. கற்றாழைக்கு அடையாளமான அசிமானன், மாலிக் அமிலம், குளுக்கோஸ் மூன்றும் சிலவற்றில் இல்லை. மாவுப்பொருளிலிருந்து எடுக்கும் மலிவான மால்டோடெக்ஸ்ட்ரின் இருந்தது. விற்றவர்கள் முடிவை மறுத்தார்கள். வீட்டில் இதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி எதுவும் இல்லை. அசிமானன் அளவை எழுதி, ஆய்வறிக்கை கேட்டால் தரும் தயாரிப்பாளரைத் தேடுவதே வழி. அலோயின் அளவும் அறிக்கையில் இருக்க வேண்டும். அழகுப்பொருட்களில் ஆந்த்ரகுவினோன்கள் (பாலிலுள்ள அலோயின், அலோ-எமோடின் போன்றவை) பத்து லட்சத்தில் 50 பங்கைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க அழகுப்பொருள் மூலப்பொருள் மதிப்பாய்வுக் குழு வைத்த வரம்பு. தோலோடு முழு மடலையும் அரைத்த சரக்கில், கரித்தூள் வழியே வடிகட்டாவிட்டால், இந்த வரம்பு எளிதில் மீறிப்போகும்.

பயன்பாட்டில் வரும் இரண்டு தொல்லைகள். ஒன்று, ஜெல் கையில் கெட்டியாக இருந்து முகத்தில் பட்டதும் நீராவது. கார்போமர் உப்பைத் தாங்காது; வியர்வையில் உள்ள உப்பு போதும் அது இளக. தரக்குறைவின் அறிகுறி என்று எண்ண வேண்டாம். இதே காரணத்தால் புதிய சோற்றையும் குப்பி ஜெல்லையும் கலந்து வைக்கக் கூடாது: சோற்றிலுள்ள தாது உப்புகள் மொத்தத்தையும் தண்ணீராக்கிவிடும். மற்றொன்று, மேலே சன்ஸ்கிரீன் பூசும்போது அழுக்கு போல உருண்டு வருவது. ஜெல்லைக் குறைத்து, முழுக்கக் காய ஐந்து நிமிடம் கொடுத்து, தேய்க்காமல் ஒற்றிப் பூசினால் பெரும்பாலும் நிற்கும்.

வாய் அகன்ற டப்பாவைவிட அழுத்துக்குழல் வைத்த குப்பி நல்லது. ஒவ்வொரு முறையும் விரல் உள்ளே போகாது. திறந்த டப்பா படத்துக்குள் 6 அல்லது 12 என்று எண் இருக்கும். திறந்த பின் அத்தனை மாதம். புதிதாக வாங்கியதை முழங்கை உட்புறத்தில் நாளைக்கு இருமுறை, ஒரு வாரம் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டு போங்கள். அரிதாக என்றாலும் கற்றாழை ஒவ்வாமை உண்டு.

தூள்

சொந்தமாகக் கலக்கப் பொறுமையும் 0.1 கிராம் காட்டும் தராசும் உள்ளவர்களுக்கு மூன்றில் இதுவே எங்கள் தேர்வு. நீர் இல்லாததால் நொதியும் கிருமியும் அதில் வேலை செய்ய முடியாது. என்ன சேர்கிறது என்பது உங்கள் கையில் இருக்கும். உறைய வைத்து உலர்த்திய 200 மடங்குத் தூள் வாங்குங்கள். வெள்ளைக்கு அருகிலான நிறம் வேண்டும். பழுப்பு என்றால் சூடு அதிகம் பட்டிருக்கிறது. தெளித்து உலர்த்தும் தூளில் மால்டோடெக்ஸ்ட்ரினைத் தாங்குபொருளாகச் சேர்ப்பது வழக்கம்; எத்தனை சதவீதம் என்று கேளுங்கள்.

100 கிராம் ஜெல்லுக்கு: காய்ச்சி வடித்த நீர் 95.2 கிராம், கற்றாழைத் தூள் 0.5, கிளிசரின் 3, சாந்தன் கோந்து 0.5, ஃபினாக்சிஎத்தனாலும் எத்தில்ஹெக்சில்கிளிசரினும் சேர்ந்த பதப்பொருள் 0.8. கோந்தை முதலில் கிளிசரினில் குழைத்துக்கொள்ளுங்கள். நேரே நீரில் கொட்டினால் மீன்கண் போலக் கட்டி கட்டி நிற்கும், பிறகு கரையவே கரையாது. தூளை அறைச்சூட்டு நீரின் மேல் தூவி, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கலக்குங்கள். கோந்துக் குழம்பில் அந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறி, ஒரு மணி நேரம் வையுங்கள். கடைசியில் பதப்பொருள். பிஎச் தாளில் 4.5க்கும் 5.5க்கும் நடுவே காட்ட வேண்டும். மேலே போனால் ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலக் கரைசல் சேர்த்துச் சரிசெய்யுங்கள்.

இந்த ஜெல் கடைக் குப்பி போலப் பளிங்காக இருக்காது, லேசாகக் கலங்கலாகவும், தொட்டால் சற்று இழைவாகவும் இருக்கும். சாந்தன் கோந்தின் இயல்பு அது. இழைவு பிடிக்காவிட்டால் கோந்தை 0.3 கிராமாகக் குறைத்து, அந்த 0.2 கிராமை நீரில் ஏற்றுங்கள். கலந்த தேதியைக் குப்பியில் எழுதி இரண்டு மாதத்துக்குள் முடியுங்கள். அதற்கு முன்பே ஜெல் நீர்த்துப்போனாலோ, புளித்த வாடை வந்தாலோ, குப்பி விளிம்பில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலோ மொத்தத்தையும் கொட்டிவிட்டுக் குப்பியையும் மாற்றுங்கள்.